வைரஸை வைத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை: 1894-ல் கொல்கத்தாவில் ஊசி போட்ட ஹாஃப்கினுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புற்றுக்கட்டிக்குள் உயிருள்ள வைரஸை ஊசி மூலம் செலுத்துகிறார்கள் என்றால் உங்களுக்குப் பகீர்னு இருக்கலாம். கிருமியை நாமே உடம்புக்குள் விடுவதா? சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் இதே பயத்தைச் சந்தித்தவர் வால்டெமார் ஹாஃப்கின்.

அவரது களம் காலராவும் பிளேக்கும்தான், புற்றுநோய் அல்ல. ஆனால் அவர் பாடம் படித்த இடத்தைப் பாருங்கள்.

1860-ல் பிறந்த ஹாஃப்கின், இன்றைய யுக்ரேனில் உள்ள ஒடெஸாவில் படித்தார். அவருடைய ஆசிரியர் இலியா மெச்னிகாஃப். 1882-ல் நட்சத்திரமீனின் இளம்புழுவில் முள்ளைக் குத்தி, அதைச் சுற்றி செல்கள் ஓடிவந்து மொய்ப்பதைக் கண்டவர். கிருமியை விழுங்கும் செல்கள் நம் உடம்பிலேயே இருக்கின்றன என்று சொல்லி, 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். யூதரான ஹாஃப்கினுக்கு ரஷ்யாவில் வளர வழியில்லை. ஆசிரியர் இருந்த பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்கே போனார். கிடைத்தது நூலகத்தில் ஒரு வேலை. மிச்ச நேரத்தில் காலரா ஆராய்ச்சி.

1892 ஜூலை 18-ல், தான் உருவாக்கிய காலரா தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். மறுஆண்டு இந்தியா வந்தார்.

1894 மார்ச் மாதம், கொல்கத்தாவின் காட்டல் பகான் குடிசைப் பகுதியில் காலரா புகுந்தது. வெள்ளைக்கார அரசு அனுப்பிய ஆள் ஊசியோடு வந்தால் யார் கையை நீட்டுவார்கள்? அவருடன் சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்ற வங்காள மருத்துவர்களும் போனார்கள். அந்த நால்வர் இல்லாமல் காரியம் நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன்பின் அங்கே 10 பேருக்குக் காலரா வந்தது, 7 பேர் இறந்தார்கள். ஊசி போட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

சரி, இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? தடுப்பூசியில் இருக்கும் கிருமி நம்மைக் காப்பாற்றுவதில்லை. அதைப் பார்த்துப் பழகிய நம் செல்கள்தான் காப்பாற்றுகின்றன. வைரஸ் சிகிச்சையிலும் பாதிக் கதை அதுதான்.

2015-ல் அமெரிக்கா அனுமதித்த டி-வெக் என்ற மருந்து, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கானது. மரபணு மாற்றி வலுக்குறைத்த ஹெர்பிஸ் வைரஸ் அது. கட்டிக்குள் பெருகி, புற்றுசெல்லை வெடிக்க வைக்கிறது. சிதறிய துண்டுகளை டென்ட்ரிடிக் செல்கள் பொறுக்கி, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களிடம் காட்டுகின்றன. அடையாளம் தெரிந்துகொண்ட டி செல்கள் ஊசி படாத கட்டிகளையும் தேடிப் போகக்கூடும். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நோய் எதிர்ப்பு செல்களுக்கு வைரஸும் எதிரிதான். புற்றைக் காட்டிக்கொடுக்கும் முன்பே அவை வைரஸைத் தீர்த்துக்கட்டிவிட்டால் சிகிச்சை வீண். ரொம்பத் தாமதித்தாலும் பயனில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆய்வாளர்கள் திண்டாடுகிறார்கள்.

ஹாஃப்கினின் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பம்பாயில் பிளேக் தடுப்பூசி உருவாக்கி, 1897 ஜனவரியில் அதையும் தன்மேல் முதலில் சோதித்தார். ஆனால் 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கினின் ஆய்வகத்தின் மேல் விழுந்தது, பதவியும் போனது. கிராமத்தில் பாட்டிலைத் திறந்தபோது உதவியாளர் இடுக்கியைக் கீழே போட்டதும், அதைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததும் பிறகுதான் வெளிவந்தன. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினார்கள். 1907-ல்தான் பழி நீங்கியது.

மறுபடியும் கொல்கத்தாவில் வேலை கிடைத்தது. ஆனால் தடுப்பூசியை மக்களிடம் சோதிக்கும் பணி அவருக்குத் தரப்படவில்லை. 1925-ல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் அவர் இறந்தார்.