வெள்ளத்துக்கு இடம் விட்டவர்

மழை வெள்ளம் ஊருக்குள் புகாமல் இருக்க என்ன செய்யலாம்? சுவர் எழுப்பலாம். ஆற்றைக் குழாயில் அடைத்து மண்ணுக்குள் புதைக்கலாம். பலரும் இப்படித்தான் நினைப்பார்கள். ஆனால், வெள்ளம் வந்து தங்கிப் போவதற்கு நகரத்துக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார் ஒருவர். அந்த இடத்தை அழகிய பூங்காவாகவும் ஆக்கிக் காட்டினார்.

அவர் பெயர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட். அமெரிக்கர்.

படிப்பு நின்றது

ஓம்ஸ்டெட் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். தந்தை துணி வியாபாரி. நான்கு வயது நிறையும் முன்பே தாய் இறந்துவிட்டார்.

தந்தைக்கு இயற்கைக் காட்சிகளில் ஆசை அதிகம். பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காடும் மலையும் பார்க்கப் போவார். சிறுவனின் உள்ளத்தில் அந்தக் காட்சிகள் பதிந்துவிட்டன.

கல்லூரியில் சேரும் வயது நெருங்கியபோது, விஷச் செடி ஒன்று பட்டு அவர் கண்கள் பாதிக்கப்பட்டன. முறையான படிப்பு நின்றது.

பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. 1843-ம் ஆண்டு கப்பலில் மாலுமியாகச் சீனாவுக்குப் போனார். உடல் நலிந்து திரும்பினார். விவசாயம் செய்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சுற்றி, அங்கு அடிமைகள் படும் பாட்டைப் பத்திரிகைக்கு எழுதினார்.

1850-ம் ஆண்டு இங்கிலாந்து சென்றபோது பெர்க்கன்ஹெட் என்ற ஊரில் ஒரு பூங்காவைக் கண்டார். அது பிரபுக்களின் தோட்டம் அல்ல. ஊராரின் பணத்தில் அமைந்த பூங்கா. பணக்காரரும் ஏழையும் சமமாக அதில் உலாவினார்கள். அந்தக் காட்சி அவர் மனதை விட்டு அகலவில்லை.

நியூயார்க் பூங்கா

1857-ம் ஆண்டு நியூயார்க் நகரில் 'சென்ட்ரல் பார்க்' என்ற பெரிய பூங்கா அமைக்கும் வேலையில் மேற்பார்வையாளராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 35. பூங்காவுக்கான வரைபடப் போட்டி நடந்தது. கால்வர்ட் வாக்ஸ் என்ற கட்டிடக் கலைஞருடன் சேர்ந்து கலந்துகொண்டார். 1858-ம் ஆண்டு அவர்கள் திட்டமே முதல் பரிசு பெற்றது.

அந்த இடம் பாறையும் சேறும் நிறைந்தது. ஆயிரக் கணக்கான தொழிலாளர்கள் பாறையை உடைத்தார்கள், ஏரிகளை வெட்டினார்கள், மரங்களை நட்டார்கள். பூங்காவின் குறுக்கே போகும் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தி அமைத்தார்கள். உள்ளே உலாவுபவர்களுக்கு வண்டிகளின் தொல்லை இல்லை. பூங்காவின் பரப்பு இன்று 843 ஏக்கர். கோடையில் நகரத்தின் வெப்பத்தைத் தணிக்கும் நிழலாக அது விளங்குகிறது.

அந்த நிழலுக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு. அந்த நிலத்தில் 'செனிக்கா வில்லேஜ்' என்ற குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பலர் சொந்த வீடு உள்ளவர்கள். அவர்களுக்குக் கோயிலும் பள்ளியும் இருந்தன. பூங்காவுக்காக நகராட்சி 1857-ம் ஆண்டு அவர்களை வெளியேற்றியது. எல்லோருக்குமாக எழுந்த பூங்கா, சிலருடைய வீட்டைப் பறித்துத்தான் எழுந்தது.

ஓம்ஸ்டெட்டின் சொந்த வாழ்விலும் துயரம் வந்தது. தம்பி இறந்துவிட, தம்பியின் மனைவியை 1859-ம் ஆண்டு மணந்து, மூன்று குழந்தைகளுக்கும் தந்தை ஆனார். அடுத்த ஆண்டு குதிரை வண்டி கவிழ்ந்து அவர் தொடை எலும்பு முறிந்தது. சில நாட்களில் அவருடைய கைக்குழந்தையும் நோயால் இறந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். ஆனால் வேலையை விடவில்லை.

நாற்றம் எடுத்த சேறு

பாஸ்டன் நகரின் ஓரத்தில் கடல் நீர் ஏறி இறங்கும் ஒரு சேற்று நிலம் இருந்தது. இரண்டு சிறு ஆறுகள் அங்கு வந்து கலந்தன. நகரத்தின் சாக்கடையும் அதில்தான் விழுந்தது. கடல் நீர் வடிந்தால் நாற்றம் தாங்காது. பெருமழை பெய்தால் வெள்ளம்.

1878-ம் ஆண்டு இந்தப் பிரச்சினை ஓம்ஸ்டெட்டிடம் வந்தது. அவர் முதலில் பூச்செடிகளைப் பற்றி யோசிக்கவில்லை. தண்ணீரைப் பற்றி யோசித்தார். நகரப் பொறியாளர்களுடன் கலந்து வேலை செய்தார். சாக்கடையைத் தனிக் குழாயில் திருப்பினார்கள். கடல் நீர் அளவோடு வந்து போக மதகு வைத்தார்கள். நடுவே வளைந்து செல்லும் நீரோடையை வெட்டினார்கள். இருபுறமும் தாழ்ந்த கரைகளில், உப்பு நீரில் வளரும் கோரைகளையும் புற்களையும் நட்டார்கள். மழை வெள்ளம் வந்தால் கரைமேல் பரவி நிற்கும். பிறகு மெல்ல வடியும். வெள்ளம் வந்தாலும் புல்லுக்குச் சேதம் இல்லை.

இதையும் வேறு பல பூங்காக்களையும் அவர் ஒரு மாலைபோலக் கோத்தார். 'மரகத மாலை' என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. அதன் பரப்பு சுமார் 1,100 ஏக்கர்.

மறந்தவர்கள் பட்ட பாடு

1910-ம் ஆண்டு அருகில் இருந்த சார்லஸ் ஆற்றில் அணை கட்டினார்கள். கடல் நீர் வருவது நின்றது. ஓம்ஸ்டெட் நட்ட உப்புநீர்ப் புற்கள் அழிந்தன. பின்னாளில் ஓடையின் ஒரு பகுதியையும் குழாயில் அடைத்து மூடினார்கள். மேலே கார் நிறுத்தும் இடம் வந்தது.

1996-ம் ஆண்டு அக்டோபரில் பெருமழை கொட்டியது. ஓடை பொங்கியது. குழாய் அதற்குப் போதவில்லை. தரைக்கு அடியில் இருந்த ரயில் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகே நகரம் விழித்துக்கொண்டது. மூடிய ஓடையைத் திறந்து, கரையில் செடிகளை நட்டார்கள். இந்த வேலையின் முதல் பகுதி 2016-ம் ஆண்டு முடிந்தது.

இதையெல்லாம் பார்க்க ஓம்ஸ்டெட் உயிரோடு இல்லை. முதுமையில் அவருக்கு நினைவு மங்கியது. 1895-ம் ஆண்டு வேலையிலிருந்து விலகினார். மக்லீன் என்ற மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த மருத்துவமனையின் நிலத்தை எப்படி அமைக்கலாம் என்று முன்பு ஆலோசனை கூறியவரே அவர்தான். 1903-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அங்கேயே காலமானார்.

நட்ட மரம் நிழல் தர நாற்பது ஆண்டு ஆகலாம் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிழலில் உட்காரப் போவது பேரப் பிள்ளைகள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் நட்டார்.