துணி மூட்டையோடு தோட்டத்துக்குள் வந்த பேச்சாளர்

கடந்த வருடம் றொசல்லயில் நடந்த இளைஞர் செயலமர்வொன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். தலைமைத்துவம், மீண்டெழுதல், எதிர்காலத் தொழில்கள் பற்றிக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நன்றாகவே பேசினார். கேள்வி நேரத்தில் ஒரு யுவதி எழுந்தாள். தாய் கொழுந்தெடுக்கிறாள், மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இருவருடைய சம்பளத்தையும் வேறு யாரோதான் தீர்மானிக்கிறார்கள், அவர்களோடு பேசுவது எப்படி என்று கேட்டாள். முதலில் நம்மை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

றொசல்லயிலிருந்து ரயிலில் அடுத்த பெரிய நிலையம் ஹட்டன். அந்தப் பெண் கேட்ட கேள்வியை ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே கையில் எடுத்த ஒருவர் தலைமையகம் அமைத்துக்கொண்ட நகரம் அது. அவர் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூர்க்காரரான அவர் 1910களின் நடுப்பகுதியில் வர்த்தகர் சங்க வேலையாக இலங்கைக்கு வந்தார். மலைநாட்டில் நம்மவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க விரும்பினார். ஆனால் வெளியார் யாரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம் அது. புடவை வியாபாரிகளுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. படித்த பிராமணரான அவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக நடந்தார். கடன், கங்காணியின் பிடி, பற்றுச்சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை எல்லாவற்றையும் நேரில் கண்டார்.

1920இல் இங்கேயே தங்கிவிட்டார். பத்திரிகைதான் அவருடைய முதல் ஆயுதம். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? அங்கேதான் மேடை வந்தது. மனைவி மீனாட்சி அம்மையார் பாரதி பாடல்களையும் தானே கட்டிய பாடல்களையும் பாடுவார், கூட்டம் சேரும், பிறகு நடேசய்யர் பேசுவார். தொழிலாளர் பாட்டைப் பற்றி நாடகமும் எழுதினார். ஒரு பெண் பொதுமேடையில் பாடுவதே அதிசயமாக இருந்த அந்த நாளில் மீனாட்சி அம்மையார் பத்திரிகை வேலையிலும் பங்கெடுத்தார். நடேசய்யரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். நானும் முன்பு அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

1925இல் நடேசய்யர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். 1920களின் இறுதியில் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது அந்தக் கூட்டு முறிந்தது. இனத்தின் பெயரால் தொழிலாளர் ஒற்றுமை உடைந்த முதல் அனுபவங்களில் அதுவும் ஒன்று. பின்னால் என்னென்ன நடந்தன என்பது இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சில வருடங்களிலேயே உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழ, சம்பளமும் வெட்டப்பட்டது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1931இல், ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது என்பதால் நகரங்களில் கூட்டம் நடந்தது. உரிமைகளை விளக்கும் சிறு நூல்கள் கைக்குக் கை போயின. 1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

அவர் குறையில்லாத மனிதர் அல்ல. எல்லாம் தன்னைச் சுற்றியே இருந்ததால் அடுத்த தலைமையை அவர் வளர்க்கவில்லை என்பது என் எண்ணம். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, மறுவருடம் அதன் தொழிற்சங்கமும் வந்தபோது, தொழிலாளர்கள் அந்தப் பக்கம் திரண்டார்கள். 1947 நவம்பரில் அவர் காலமானார். மறுவருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர் பேசிய மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் பிள்ளைகளில் பலர் 1977 வன்முறைக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறினார்கள். இறுதி யுத்தத்தில் மூட்டை முடிச்சோடு நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

1000 ரூபா நாட்சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் வருடக்கணக்கில் குரல் கொடுத்து, 2021இல்தான் அது கிடைத்தது. மீண்டெழுதலைப் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. நடேசய்யர் முதலில் லயத்துக்குப் போய்ப் பார்த்தார், பிறகுதான் மேடை ஏறினார். அவர் பேசியது தொழிலாளியின் குணத்தைப் பற்றியல்ல. எத்தனை சதம் கிடைக்க வேண்டும், அதை யாரிடம் கேட்க வேண்டும், எப்படிச் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதைப் பற்றி.

செயலமர்வு முடிந்து ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்த யுவதியை நிலையத்தில் மீண்டும் கண்டேன். நடேசய்யரைப் பற்றிச் சொன்னேன். அவள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. சங்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஏழு பேர் போதும் என்றேன். ரயில் வரும்வரை தன்னோடு வேலை செய்பவர்களின் பெயர்களை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.