ஜான் வெஸ்லி: போதகரின் குடும்பம் உடைந்தபோது சபை என்ன செய்தது?

சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) பெயர்தான் அது. குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். வீட்டில்தான் நிம்மதி இல்லை.

1749-ல் கிரேஸ் மர்ரே என்ற விதவையை மணக்க இருந்தார். அவர் வீட்டு வேலை பார்த்தவர். இந்தக் கல்யாணம் நடந்தால் இயக்கமே சிதறிவிடும் என்று தம்பி சார்லஸ் பயந்தார். அவசர அவசரமாக கிரேஸை இன்னொரு போதகருக்குக் கட்டிவைத்துவிட்டார்.

1751 பிப்ரவரியில் லண்டன் பாலத்தில் பனியில் வழுக்கி விழுந்த வெஸ்லி, மேரி வாஸெய்ல் என்ற வசதியான விதவையின் வீட்டில் தங்கிக் குணமானார். சில நாட்களில் கல்யாணமே முடிந்துவிட்டது. இந்தமுறை தம்பியிடம் முடிவை மட்டும்தான் சொன்னார், யோசனை கேட்கவில்லை.

மேரி முதல் சில வருடங்கள் கூடவே பயணம் செய்தார். பிறகு முடியவில்லை. கல்யாணத்துக்காக ஒரு பிரசங்கத்தைக்கூடக் குறைக்கக் கூடாது என்பது வெஸ்லியின் கொள்கை. அதோடு கடிதங்கள் வேறு. கிங்ஸ்வுட் பள்ளியின் வீட்டு நிர்வாகி சாரா ரையனுக்கு, குடும்பப் பிரச்சினை உட்பட எல்லாவற்றையும் மனம்விட்டு எழுதினார். அது மேரி கையில் சிக்கியது. 1758-ல் வீட்டை விட்டுப் போனார். திரும்பி வந்தார். 1771-ல் மறுபடியும் போனார்.

அப்போது இயக்கம் என்ன செய்தது? சொல்லும்படி ஒன்றும் இல்லை. போதகர்களை நியமிப்பது, விசாரிப்பது, நீக்குவது எல்லாம் வெஸ்லி கையில். ஆண்டு மாநாட்டைக் கூட்டுவதும் அவர்தான். பிறகு அவரை யார் கேள்வி கேட்பது? கல்யாணத்துக்கு முன்னால் அவ்வளவு வேகமாகத் தலையிட்டவர்களுக்கு, கல்யாணம் முறிந்தபோது காப்பாற்ற வேண்டியதாகத் தெரிந்தது தலைவரின் பெயர் மட்டுமே. மேரி புகார் சொல்லப் போவதற்கு சபைக்குள் ஓர் இடம் இல்லை. கடைசியில் கடிதங்களை வெஸ்லியின் எதிராளிகளிடம் கொடுத்தார். அது தப்புதான். ஆனால் வேறு யாரிடம் போயிருக்க முடியும்?

1781 அக்டோபரில் மேரி இறந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்குத் தகவல் கிடைத்தது. 1820-ல் கவிஞர் ராபர்ட் சவுத்தி வெஸ்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, மோசமான மனைவிகள் வரிசையில் சாக்ரடீஸின் மனைவி, யோபுவின் மனைவியோடு மேரியையும் சேர்த்துவிட்டார்.