பொறுமையால் பொருள் காத்த பேரறிஞர்

பணத்தைச் சேமிப்பது நல்ல பழக்கம் என்று நாம் அறிவோம். சேமித்த பணத்தை விரைவில் பல மடங்காக்க வேண்டும் என்ற ஆசையும் நம்மில் பலருக்கு எழுவதுண்டு. அந்த ஆசையால் அடிபட்டு, பின்னர் பொறுமையைக் கற்றுக்கொண்ட பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்குக் காண்போம்.

ஜான் மேனார்டு கெயின்ஸ் 1883-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையார் நெவில் கெயின்ஸ் பொருளாதார அறிஞர். தாயார் புளோரன்ஸ் அம்மையார் சமூகத் தொண்டில் சிறந்தவர். 1932-இல் அந்நகரின் மேயரானவர். கணிதத்தில் வல்லவராகத் திகழ்ந்த கெயின்ஸ், லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில் பணியாற்றி, 1913-இல் நம் நாட்டு நாணய முறையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். முதல் உலகப்போர் முடிந்தபின் ஜெர்மனி மீது தாங்கமுடியாத சுமை ஏற்றப்படுவதைக் கண்டித்து, 1919-இல் அரசுப் பதவியைத் துறந்தார். அதுபற்றி அவர் எழுதிய நூல் அவரை உலகறியச் செய்தது.

புகழ் வந்த வேளையில் சோதனையும் வந்தது. ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி நாடுகளின் நாணய மதிப்பு வீழும் என்று கணித்து, கடன் பணத்துடன் ஊக வாணிபத்தில் இறங்கினார். தந்தையும் நண்பர்களும் அவரை நம்பிப் பணம் கொடுத்திருந்தனர். 1920 மே மாதத்தில் அந்நாணயங்களின் மதிப்பு திடீரென ஏறியது. அனைத்தும் போயிற்று! சில ஆண்டுகளில் ஜெர்மன் நாணயம் அடியோடு வீழ்ந்தது உண்மையே. கணிப்பு சரி, காலம்தான் தவறு. கடன் வாங்கியவருக்குக் காத்திருக்க வழியில்லை. நூலின் வருவாயாலும் செல்வந்தர் ஒருவரின் கைமாற்றாலும் மீண்டு, 1922-க்குள் கடன்களை அடைத்தார்.

1924-இல் தாம் பயின்ற கிங்ஸ் கல்லூரியின் முதன்மைப் பொருளாளரானார். அங்குப் பெட்டகம் என்ற பெயரில் 30,000 பவுன் முதலுடன் தொடங்கப்பட்ட நிதி அவர் பொறுப்பில் இருந்தது. வட்டி வீதத்தையும் வாணிப நிலையையும் கவனித்து, விலை ஏறுமுன் பங்குகளை வாங்கி, இறங்குமுன் விற்றுவிடலாம் என்று நம்பினார். ஆனால் 1929-ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சியை அவரும் முன்கூட்டி அறியவில்லை. தமது சொந்தச் செல்வத்தில் பெரும்பகுதியை மறுபடியும் இழந்தார்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று நாம் சிந்திக்க வேண்டும். காலம் பார்த்து வாணிபம் செய்பவர் இருமுறை சரியாகக் கணிக்க வேண்டும்: எப்போது விற்பது, எப்போது திரும்ப வாங்குவது. ஒவ்வொரு முறையும் தரகுச் செலவும் உண்டு. நல்ல நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவருக்கோ ஆண்டுதோறும் லாப ஈவும், நிறுவனம் வளர வளர மதிப்பும் கிடைக்கின்றன.

தம் முறை தவறென்று உணர்ந்த கெயின்ஸ் அதை மாற்றிக்கொள்ள வெட்கப்படவில்லை. 1930-களில் சில நிறுவனங்களை மட்டும் நன்கு ஆராய்ந்து, அவற்றின் பங்குகளை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். 1937-இல் இருதய நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதே காலத்தில் சந்தையும் சரிந்தது. அவர் தலைமை வகித்த காப்பீட்டு நிறுவனத்தில் அவரது போக்குக்கு எதிர்ப்பு எழுந்தது. 1938-இல் அப்பதவியிலிருந்து விலகினார். ஆயினும் பீதியில் பங்குகளை விற்க அவர் உடன்படவில்லை.

உடல்நலம் குன்றியிருந்தும் 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் உருவாக உழைத்தார். 1946 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று உயிர்நீத்தார். அப்போது கல்லூரிப் பெட்டகம் சுமார் 3,80,000 பவுனாக வளர்ந்திருந்தது.

வாங்கி வைத்திருந்தால் போதும், எல்லாம் பெருகும் என்பதல்ல இதன் பாடம். ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கடன் பணத்தையும், நாளைக்கே தேவைப்படும் பணத்தையும் இதில் இடலாகாது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியோர். தவறை ஒப்புக்கொள்ளும் துணிவையும் காத்திருக்கும் பொறுமையையும் இப்பெரியாரிடமிருந்து நாமும் கற்றுக்கொள்வோமாக!