இறக்குமதி மோட்டாருக்குக் கோவை தந்த விடை: ஜி.டி.நாயுடு கடந்து வந்த பாதை

பெங்களூரு: காவிரியின் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ஆம் ஆண்டு கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. 1905-இல் அதே மின்சாரம் பெங்களூரு நகர வீதிகளில் விளக்கேற்றியது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் கோயம்புத்தூர் வட்டாரத்தின் பஞ்சாலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் அளித்தது. மின்சாரம் உள்நாட்டில் கிடைத்தபோதிலும், அதைச் சுழற்சியாக மாற்றும் மோட்டாருக்குப் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது. இந்த நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவை மாவட்டம் சூலூரை அடுத்த கலங்கல் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. அத்தகைய வண்டியை வாங்குவதற்காகவே கோவையில் ஓர் உணவு விடுதியில் பணியாளராகச் சேர்ந்து பணம் சேமித்தார். வண்டி கைக்கு வந்ததும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். இயந்திரவியலில் அதுவே அவருடைய முதல் பாடம்.

1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் தொழில் தொடங்கிய நாயுடு, அதைத் தாமே ஓட்டினார். சில ஆண்டுகளில் அந்நிறுவனம் 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்ற பெயரில் பெரும் பேருந்துக் கூட்டமாக வளர்ந்தது. பேருந்துத் தொழில் தந்த வருவாயும் பணிமனை அனுபவமும் அவரை மின்பொறிகளின் பக்கம் ஈர்த்தன.

மின் மோட்டாரின் உயிர், காப்பிடப்பட்ட செப்புக் கம்பியால் சுற்றப்படும் சுருளில் உள்ளது. சுருள் வழியே மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அவ்வாறு உண்டாகும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்ற விதியை 1834-இல் லென்ஸ் வகுத்தார். ஜெனரேட்டரில் இணைக்கப்படும் விளக்குகள் கூடக்கூட அதைச் சுழற்றுவது கடினமாவது இதனால்தான். கம்பியை எவ்வளவு திறமையாகச் சுற்றினாலும் இந்த எதிர்ப்பிலிருந்து தப்ப முடியாது. செலுத்தும் உழைப்புக்கு மேல் மின்சாரம் கிடைக்காது.

மோட்டாருக்கும் இதே விதி பொருந்தும். சுழலும்போது அதனுள் ஓர் எதிர் மின்னழுத்தம் தோன்றி, உள்ளே பாயும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. பாரம் கூடிச் சுழற்சி தளர்ந்தால் மின்னோட்டம் உயரும். முற்றிலும் சிக்கி நின்றால் சுருள் எரிந்துபோகும். கிணற்று மோட்டாரில் காயில் எரிந்த அனுபவம் உள்ள உழவர் அனைவரும் அறிந்த உண்மை இது. எனவே கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையிலான மெல்லிய இடைவெளி ஆகிய அனைத்தும் துல்லியமாக அமைந்தால்தான் மோட்டார் நீடித்து உழைக்கும்.

இந்தத் துல்லியம் உள்நாட்டுக் கைகளுக்கும் எட்டும் என்பது 1937-இல் உறுதியானது. அவ்வாண்டு பீளமேட்டில் இருந்த நாயுடுவின் தொழிற்கூடத்தில், டி.பாலசுந்தரம் நாயுடுவின் தொழில்நுட்பப் பங்களிப்புடன் மின் மோட்டார் தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டாராக அது குறிப்பிடப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் 'டெக்ஸ்டூல்' நிறுவனத்தைத் தொடங்கினார். நீரேற்றும் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் நாடறிந்த நகரமாகக் கோவை வளர்ந்ததற்கு இத்தகைய முயற்சிகளே அடித்தளம் அமைத்தன.

அதே சுருளை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியதன் பயனே நாயுடுவின் 'ரசந்த்' சவரக் கருவி. உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் அதனுள் பொருத்தப்பட்டிருந்தது. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியவையும் அவர் பெயரைச் சொல்லும் படைப்புகள். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என 1941-இல் அவர் அறிவித்தார்.

ஆனால், அவருடைய திறமைக்கு ஈடான வாய்ப்பு எப்போதும் அமையவில்லை. 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் காரை அவர் உருவாக்கினார். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்காததால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தொழிற்கல்வியிலும் அவர் வழக்கத்துக்கு மாறாகவே சிந்தித்தார். அவரது நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் உருவாகின. 1945-இல் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்ற அவர், நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குவதாகவும், இரண்டு ஆண்டுகளே போதும் எனவும் வாதிட்டார். ஆங்கிலேய அரசு அதை ஏற்காததால் பதவி விலகினார். அந்தக் கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

பட்டம் பெறாத இந்தப் பொறியாளரை, பெங்களூருவில் வாழ்ந்த நோபல் அறிஞர் சர் சி.வி.ராமன் பத்து லட்சத்தில் ஒருவர் எனும் பொருளில் பாராட்டியுள்ளார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தமது 80-ஆம் வயதில் நாயுடு காலமானார்.

கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. அருங்காட்சியகம் அவரது பணிகளை இன்றைய மாணவர்களுக்கு எடுத்துரைக்கிறது. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்குத் தமிழக அரசு அவரது பெயரைச் சூட்டியுள்ளது.