வீட்டு வைஃபை வேகத்துக்கும் ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன தொடர்பு?

தருமபுரி - சேலம் சாலையில் இருக்கிறது அதியமான்கோட்டை. பேரிலேயே கோட்டை உண்டு. வைஃபை சிக்னலுக்கோ இங்கே புதுசா கட்டும் ஒவ்வொரு காங்கிரீட் மாடி வீடும் ஒரு கோட்டைதான். கரண்ட் வயரோடு நெட் கேபிளையும் ஒவ்வொரு ரூமுக்கும் இழுத்தாச்சு என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஸ்பீடை நம்பி ஒரே ஒரு பெரிய ரவுட்டரை ஹாலில் மாட்டினால், மாடி ரூமில் வீடியோ சுத்திக்கிட்டேதான் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள, 1890-களில் கொல்கத்தாவில் வேலை செய்த ஒருவரின் கதை உதவும்.

யார் இவர்?

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி, அடுத்து கேம்பிரிட்ஜ். அங்கே ஆசிரியராக வாய்த்தவர் இயற்பியலாளர் லார்டு ராலே.

1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மட்டும் ஐரோப்பியர்களைவிடக் குறைவு. போஸ் வேலையை விடவில்லை, சம்பளத்தை வாங்க மறுத்தார். அப்பாவுக்குக் கடன் இருந்த நேரம் அது. 3 வருஷம் ஒரு பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

ஆய்வுக்குத் தனி லேப் எதுவும் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில், உள்ளூர் தகரக் கொல்லர் ஒருவரின் உதவியோடு கருவிகளைச் செய்தார்.

அலையைக் குட்டையாக்கியது ஏன்?

ரேடியோ அலை இருப்பதை முதலில் நிரூபித்த ஜெர்மானியர் ஹெர்ட்ஸ், நீளமான அலைகளையும் பெரிய கருவிகளையும் பயன்படுத்தினார். போஸுக்கு அந்த அலை ஒளியைப் போலவே வளைகிறதா, திரும்புகிறதா என்று மேஜை மேலேயே சோதிக்க வேண்டியிருந்தது. அதனால் சுமார் 5 மில்லிமீட்டர் நீள அலையை உருவாக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ்.

1895-ல் பொதுமக்கள் முன்னால், 75 அடி தூரத்தில், சுவர்களைத் தாண்டி ஒரு மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். நடுவில் கம்பியே இல்லை.

அப்போ சுவர் தடை இல்லையா என்று கேட்கலாம். மணி அடிக்க ஒரே ஒரு துடிப்பு போய்ச் சேர்ந்தால் போதும். வீடியோவுக்கு நொடிக்குப் பல லட்சம் துடிப்புகள் சிதையாமல் வந்து சேரணும். பலவீனமான சிக்னலில் மணி அடிக்கும், வீடியோ ஓடாது.

வீட்டுக்கு எதை வாங்குவது?

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 6 சென்டிமீட்டர். மேலே போகப் போக அகலமான சேனல் கிடைக்கும், வேகம் கூடும். ஆனால் கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தைத் தாண்டுவது கஷ்டமாகிடும். போஸ் தொட்ட 60 கிகாஹெர்ட்ஸிலும் வைஃபை வந்தது. அது பெரும்பாலும் ஒரே ரூமோடு நின்றுவிடும்.

அதனால் கேபிள் இருக்கும் வீட்டில், ஒரு பெரிய பெட்டியைவிட மாடிக்கு ஒன்றாக இரண்டு நடுத்தர வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட்தான் நல்லது. ரிப்பீட்டர் வேண்டாம். அது காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகும். பெட்டியில் ஏஎக்ஸ் 3000 என்று இருந்தால், அது 2.4-க்கு 574, 5-க்கு 2,402 மெகாபிட் என இரண்டையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. அந்த 2,402-ம் 160 மெகாஹெர்ட்ஸ் சேனலை எடுக்கும் போனுக்குத்தான். 80 மட்டும் எடுக்கும் போனில் அதிகபட்சமே 1,201 தான். லேன் போர்ட் 1 கிகாபிட்டா என்று கட்டாயம் பாருங்க. 100 மெகாபிட் போர்ட் என்றால் மற்றதெல்லாம் வீண். கேபிள் கேட் 6 போதும், 100 மீட்டர் வரை போகும். கேபிளிலேயே கரண்ட் எடுக்கும் பிஓஇ மாடல் கிடைத்தால், சீலிங் நடுவில் மாட்டலாம். பீரோ மேலே, டிவி பின்னாலே வைக்காதீங்க.

மார்கோனி திருடினாரா?

நம்மூரில் அடிக்கடி வரும் பேச்சு இது. மார்கோனிக்கு வேண்டியது தூரம். 1901-ல் நீண்ட அலையை வைத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டினார், 1909-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போஸின் தேடல் வேறு. இருவர் வேலையையும் ஒரே தராசில் போடுவதே சரியில்லை என்று தோன்றுகிறது. காப்புரிமையில் போஸுக்கு ஆர்வமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் வாங்கிய கலீனா படிக டிடெக்டர் காப்புரிமை, 1904-ல் அமெரிக்காவில் பதிவானது. அதையும் அவர் காசாக்கவில்லை.

பிறகு அவர் கவனம் செடிகளின் உணர்வுக்குத் திரும்பியது. 1917-ல், தன் பிறந்தநாளில், கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார். அவரது மில்லிமீட்டர் அலை ஆய்வை ஐஇஇஇ அமைப்பு மைல்கல்லாக அறிவித்தது 2012-ல்.