அரசனுக்கும் மேலே ஓர் அரசன்: புனித தேவசகாயத்தின் வாழ்வு

உலகத் தமிழர்கள் பொங்கலைக் கொண்டாடும் வேளையில் வரும் ஜனவரி 14, கத்தோலிக்கத் தமிழர்களுக்கு ஒரு மறைசாட்சியின் நினைவு நாளும் ஆகும். 1752ஆம் ஆண்டு அந்த நாளில்தான், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. அங்குள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை நம்பூதிரி, தாய் நாயர் குலத்தவர். செல்வாக்கு மிக்க அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலர் ஆனார். பார்கவி என்ற பெண்ணை மணந்தார். குறை என்று சொல்ல ஏதுமில்லாத வாழ்க்கை.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். அவரது திறமையை அறிந்த மன்னர், தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார். அரசுப் பணியின் வழியாக நீலகண்டனும் டிலனாயும் நண்பர்களாயினர்.

அந்தக் காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. மனம் உடைந்திருந்த நண்பருக்கு, கத்தோலிக்கரான டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். செல்வம், பிள்ளைகள், உடல்நலம் அனைத்தையும் இழந்த பிறகும் இறைவனைக் கைவிடாத மனிதனின் கதை அது. நீலகண்டனின் வாழ்வு திசை மாறியது அங்கேதான்.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி, வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று பெயர் சூட்டப்பட்டது. மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த ஊர். அங்கேயே தங்கியிருந்தால் தேவசகாயத்துக்கு ஆபத்து வந்திருக்காது. அவரோ திரும்பிச் சென்று, அதே மன்னரின் கீழ் அதே வேலையைத் தொடர்ந்தார். அரசனை எதிர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால், ஊரில் அரசனின் ஆணைக்கு நிகராகச் சாதியின் ஆணையும் ஆண்டுகொண்டிருந்தது. யாரோடு உண்பது, யாரைத் தொடுவது, யார் எத்தனை அடி தள்ளி நிற்பது என அனைத்தையும் அதுவே விதித்தது. இறைவன் முன்னால் எல்லாரும் சமம் என்று நம்பிய தேவசகாயம், ஒதுக்கப்பட்டவர்களோடு கூச்சமின்றிப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். மதம் மாறியதைவிட இதுவே மேல்மட்டத்தாரை அதிகம் உறுத்தியிருக்கக்கூடும். மன்னரின் படைத்தலைவர் டிலனாயே கிறிஸ்தவர்தான். அவர் மீது யாரும் கை வைக்கவில்லை. உயர்ந்த இடத்தில் பிறந்த ஒருவர் அந்த இடத்தை விட்டு இறங்கியதுதான் பொறுக்க முடியாததாயிற்று.

1749ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். அரசு இரகசியங்களை ஐரோப்பியர்களிடம் வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு. அவர் கொல்லப்பட்ட காரணம் குறித்து வரலாற்றாசிரியர்கள் சிலர் இன்றும் மாறுபடுகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபையோ, நீண்ட விசாரணைக்குப் பின், அவர் நம்பிக்கைக்காகவே உயிர் துறந்தார் என்று ஏற்றது.

சிறையில் கழிந்தவை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி பூசியதும், பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டி வைத்ததும் குமரி மாவட்ட மக்கள் வழிவழியாகச் சொல்லி வருபவை. நம்பிக்கையைக் கைவிட்டால் பழைய பதவியும் மதிப்பும் திரும்பக் கிடைக்கும் என்ற நிலையிலும் அவர் இசையவில்லை.

இதே காலத்தில், 1750ஆம் ஆண்டில், மன்னர் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் திருவடிகளில் ஒப்படைத்து, இறைவனின் ஊழியனாகவே ஆட்சி செய்வதாக அறிவித்தார். அரியணைக்கு மேலே இறைவன் உண்டு என்பதை மன்னரும் ஏற்றிருந்தார்; அவரது சிறையில் கிடந்த கைதியும் ஏற்றிருந்தார். அந்த நம்பிக்கைக்கு மன்னர் தம் நாட்டைக் கொடுத்தார். கைதியிடம் கொடுக்க உயிர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

காற்றாடிமலையில் சுடப்பட்ட அவரது உடல் காட்டில் வீசப்பட்டது. பிறகு எச்சங்களை மீட்டு, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ தம் எஞ்சிய நாட்களை வடக்கன்குளத்தில் கழித்தார்.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி, போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் இல்லறத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை.

அதற்கு முன் ஒரு திருத்தம் நடந்தது. அவரது பெயரோடு நெடுங்காலமாக ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் எனக் கோரிக்கை எழுந்தது. வத்திக்கான் அதை ஏற்றது. அவர் தம் வாழ்நாளிலேயே கழற்றி வைத்த பட்டம், அவரது பெயரிலிருந்து கழல இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.